குண்டு எங்கே போய் நிற்கிறது?

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘பாயிண்ட் டூ டூ’ துப்பாக்கி என்றால் தெரியும். தார்ப்பாயை விரித்துக் குப்புறப் படுத்து, 25 கஜத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்து ஐந்து ரவை சுட வேண்டும். கல்லூரி நாளில் நான் சுட்ட முதல் ஐந்தில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. சொல்லிக்கொடுத்த ஹவில்தார் திட்டவில்லை. அட்டைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைக் காட்டி, “ரெண்டும் அங்கதான் இருக்கு” என்றார். அந்தப் பதிலின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை.

அந்த ரவையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தளவு பருமன்கூட இருக்காது. ஓர் அங்குல நீளம். முனையில் மெழுகோ எண்ணெயோ பூசிய ஈயக் குண்டு. அதன் எடை 2.6 கிராம், குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தீப்பொறி மருந்துக்கென்று தனிக் கிண்ணம் இருக்கும். இதில் அது இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே மருந்து சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றிக்கொள்ளும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். 1845-இல் பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் தொடங்கிவைத்த இந்த யோசனை, 1887-இல் அமெரிக்காவில் ‘.22 லாங் ரைஃபிள்’ என்ற வடிவத்துக்கு வந்தது. இன்றுவரை அதேதான்.

விளிம்பு மடிப்பில் மருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படிவது கடினம். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் எரியும் வேகம் மாறும், குண்டின் வேகமும் மாறும். பாயிண்ட் டூ டூ துப்பாக்கிக்கு உறுப்பு தேர்ந்தெடுப்பவர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் உறுப்பு தேர்ந்தெடுப்பதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். 1964-இல் வந்த ரூகர் 10/22 என்ற தானியங்கி மறுநிரப்புத் துப்பாக்கியில் குழல் இரண்டே திருகாணிகளில் நிற்கிறது. குழல், டிரிகர், போல்ட், கட்டை என ஒவ்வொன்றையும் நம்மூரில் புல்லட் வண்டிக்குச் சாமான் மாற்றுவதைப் போல மாற்றுகிறார்கள். இந்தியாவில் அது நடக்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும்கூட உரிமம் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் உறுப்புகளுக்குள் இருக்கும் இயற்பியலைத் தெரிந்துகொள்ள உரிமம் தேவையில்லை.

போல்ட்டை எடுத்துக்கொள்வோம். ரவை வெடித்ததும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. காலிக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. கூட்டுக்குப் பின்னால் நிற்கும் எஃகுக் கட்டிதான் போல்ட். அதைப் பூட்டிவைக்கும் கொக்கி எதுவும் இல்லை. தன் எடையாலும் பின்னாலுள்ள ஸ்பிரிங்காலும் மட்டுமே அது நகரத் தாமதிக்கிறது. குண்டு குழலுக்குள் இருப்பது இரண்டு மூன்று மில்லிவிநாடிதான். போல்ட் திறப்பதற்குள் குழலின் அழுத்தம் இறங்கிவிட வேண்டும். பிறகு போல்ட் பின்னே போய்க் காலிக் கூட்டை எறிந்துவிட்டு, அடுத்த ரவையை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய்குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியது இந்த வகைக் கைத்துப்பாக்கியால்தான். அந்தப் போட்டியில் ஒரு சுற்றில் ஐந்து குண்டுகளை நான்கு விநாடிக்குள் ஐந்து இலக்குகளில் சுட வேண்டும்.

ரைஃபிளில் குழலும் ரவையும் சேர்ந்துதான் குறியைத் தீர்மானிக்கின்றன. 50 மீட்டர் போட்டியில் பத்து புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவுதான். ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஒரே விலையில் வரும் ரவைகளிலும் ஒரு தொகுதி ஒரு குழலுக்கு ஒத்துப்போகும், அடுத்த தொகுதி ஒத்துப்போகாது. ஆகவே பெரிய வீரர்கள் துப்பாக்கியை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள ஈலி ஆலைக்கோ ஜெர்மனியில் உள்ள லாப்புவா சோதனைக் கூடத்துக்கோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே குழலை இடுக்கியில் பொருத்தி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, எது ஒரே துளையில் விழுகிறதோ அதை மொத்தமாக வாங்கிவருகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றது பாயிண்ட் டூ டூ ரவையில்தான்.

அதைவிட வியப்பு, வேகம். வேகமான குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பாயிண்ட் டூ டூவில் நேர்மாறு. ஒலியின் வேகம் நம் வெயிலில் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 380 மீட்டரில் கிளம்பும் குண்டு ஒலியைத் தாண்டுவதால் காற்றின் தடை சட்டென்று கூடி, வேகத்தை வழியிலேயே இழக்கிறது. பக்கக்காற்று ஒரு குண்டை எவ்வளவு நகர்த்தும் என்பது, காற்றுத் தடையால் அதற்கு எவ்வளவு நேரம் பிந்தியது என்பதைப் பொறுத்தது. ஆகவே 325 மீட்டரில் அமைதியாகப் போகும் போட்டி ரவைதான் குறைவாக விலகுகிறது.

இப்போது ஈர்ப்பைப் பார்ப்போம். அந்தக் குண்டு 50 மீட்டர் போவதற்குள் அரைச் சாண் இறங்குகிறது. 100 மீட்டரில் ஒரு முழத்துக்கும் மேல். தோளுயரத்தில் கிடைமட்டமாகச் சுட்டால் சுமார் 150-160 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். குழலை ஒரே ஒரு பாகை தூக்கினால் 300 மீட்டரைத் தாண்டும். இன்னும் தூக்கினால் ஒன்றரை கிலோமீட்டர். ரவைப் பெட்டிகளில் சிலவற்றில் ஒரு மைல், சிலவற்றில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள். 25 கஜத்துக்கென்று பையன்கள் கையில் கொடுக்கும் துப்பாக்கியின் கணக்கு இது. காற்றே இல்லாத உலகமாக இருந்தால் இந்த 2.6 கிராம் ஈயம் பத்து கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கும். இராணுவம் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் குண்டு, காற்று தடுத்தும் சுமார் 3,600 மீட்டர் போகக்கூடியது.

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் இந்த எண்களுக்கு ஒரு முகம் உண்டு. நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று காலை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்திலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். தளம் மூடப்பட்டது.

நார்த்தாமலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுற்றிலும் கருங்கல் குன்று. தொலைவிலிருந்து பார்த்தால் குண்டைத் தடுக்க இதைவிட நல்ல சுவர் இல்லை என்று தோன்றும். ஆனால் கல்லில் சாய்வாகப் படும் குண்டு நிற்காது; தெறித்து, எவரும் குறிவைக்காத திசையில் போகும். ஈயக் குண்டு குளத்து நீரில்கூடத் தவளைக்கல் போலத் தத்திச் செல்லும். குண்டை நிறுத்துவது கல் பொறுக்கிய மென்மண். அதுவும் போதிய உயரத்தில், குழல் சற்றே தூக்கினாலும் குண்டு மேலே தாண்டாதபடி இருக்க வேண்டும். நாள்பட மண்ணில் ஈயம் சேர்ந்து கெட்டிப்பட்டால் அதுவே தெறிக்க வைக்கும். அவ்வப்போது சலித்து மாற்ற வேண்டும்.

இந்த மாவட்டத்துக்குத் துப்பாக்கி விளையாட்டு புதிதல்ல. பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். டிராப்பில் சுடும் ஈயச் சிதறல்கள் 200 மீட்டரைத் தாண்டியதுமே வலுவிழந்து விழுந்துவிடும். ரைஃபிள் குண்டுக்கு அந்த இரக்கம் கிடையாது. குழல், டிரிகர், ரவைத் தொகுதி என்று எதைப் பேசுவதற்கு முன்பும், ரைஃபிளுக்கு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பு அந்த மண்மேடுதான்.

உங்கள் பிள்ளை இந்த ஆண்டு என்.சி.சி.யிலோ துப்பாக்கி சுடும் பயிற்சியிலோ சேர்ந்தால், ஒருமுறை அந்தத் தளத்துக்கு நேரில் போங்கள். அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது மண்ணா கல்லா, அதற்கு அப்பால் முதல் வீடு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.