ஓசை சொல்லும் திசை

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களைக் கடந்து செல்வோர் உளியோசையைக் கேட்பர். சற்று நின்று நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். செதுக்கத் தொடங்குமுன் சிற்பி கல்லைத் தட்டிப் பார்க்கின்றார். கணீரென ஒலித்தால் நற்கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே பிளவு இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத குறையைக் காது காட்டிக்கொடுக்கிறது. திசையறிய உதவும் ஓர் உலோகக் கிண்ணத்திற்கும் இதுவே சோதனை என்றால் வியப்பன்றோ?

கைரோஸ்கோப் எனும் சுழல்காட்டி, ஊர்தி எவ்வளவு திரும்பியது என்பதை வெளியுதவியின்றி அறிவிக்கும் கருவியாகும். செயற்கைக்கோளின் குறிப்பு எட்டாத இடத்திலும் அது பணிபுரியும். விரைந்து சுழலும் சக்கரம் அதன் பழைய வடிவம். சக்கரமில்லா வடிவத்திற்கு வித்திட்டவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பிரையன். தட்டிய கிண்ணத்தின் விளிம்பு மாறி மாறி நீள்வட்டமாகிறது. நான்கு இடங்கள் மிகுதியாக அசைகின்றன. கிண்ணத்தைத் திருப்பினால் இவ்வதிர்வுக் கோலம் அதனோடு முழுதும் திரும்பாமல் பின்தங்கும் என்பதை 1890இல் அவர் விளக்கினார். அரைக்கோளக் கிண்ணத்தை 90 பாகை திருப்பினால் கோலம் ஏறத்தாழ 27 பாகை பின்தங்கும். பின்தங்கிய அளவிலிருந்து திரும்பிய அளவைக் கணக்கிடலாம்.

இனித் துல்லியத்தைக் காண்போம். கைப்பிடியுள்ள பீங்கான் கோப்பையில், கைப்பிடிக்கு நேரெதிரே விளிம்பைக் கரண்டியால் தட்டுங்கள். அங்கிருந்து 45 பாகை விலகி மீண்டும் தட்டுங்கள். இரண்டாம் ஒலி சற்றே உயர்ந்திருக்கும். கைப்பிடியின் எடை முதல் அதிர்வைத் தாழ்த்துவதே காரணம். சுழல்காட்டிக் கிண்ணத்திற்குக் கைப்பிடி இல்லைதான். ஆயினும் கடைசலில் சுவர் ஓரிடத்தில் மயிரிழை தடித்தாலும் ஒலி இரண்டாகப் பிரியும். அப்போது ஊர்தி திரும்பாமலே கோலம் நகரும், கருவி பொய்யுரைக்கும். ஒரு பாகைதானே என எண்ண வேண்டா. நம் செங்கற்பட்டுக் கடற்கரையில் கோவளத்திலிருந்து புறப்படும் கலம் ஒரு பாகை பிறழ்ந்து 60 கிலோமீட்டர் சென்றால், சேரவேண்டிய இடத்தினின்று ஒரு கிலோமீட்டர் விலகி நிற்கும்.

தாழ்ந்து ஒலிக்கும் அதிர்வு மிகுதியாக அசைக்கும் நான்கு இடங்களிலும் உலோகத்தை இம்மியளவு நீக்குவர். ஈரொலியும் ஒன்றாகும்வரை நீக்குவர். சிற்பியின் தொழிலும் நீக்குவது தானே!

வெப்பம் மற்றொரு பகை. வெப்பம் மாறினால் உலோகத்தின் மீள்திறனும் மாறும், ஒலியும் பிறழும். இதற்கு மருந்தாக அமைந்தது, மீள்திறன் எளிதில் மாறாத எலின்வார் என்னும் நிக்கல் உருக்குக் கலவை. அதனைக் கண்ட கியோம், நிக்கல் உருக்கு ஆய்வுகளுக்காக 1920இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வகைக் கலவைகளே உலோகக் கிண்ணங்களுக்கு உகந்தவை.

தூய குவார்ட்ஸ் கண்ணாடிக் கிண்ணம் இன்னும் நெடுநேரம் அதிரும். துல்லியத்தில் அதுவே முதன்மையானது. ஆனால் அதைச் செய்வது அரிது, விலையும் மிகுதி. எளிய விலையும் அதிர்ச்சி தாங்கும் உறுதியும் வேண்டுமிடத்தில் உலோகத்தையே நாம் தேர்வோம். அதன் அதிர்வு விரைந்து அடங்காதிருக்கக் காற்றகற்றிய உறையில் வைப்பர். கடைசலால் ஏறிய இறுக்கம் தளரச் சூடேற்றி ஆற்றுவர். அதன் பின்னும் அதிர்வு ஒரு திசையில் விரைந்தும் மறுதிசையில் மெதுவாகவும் அடங்குவதுண்டு. இக்குறையை உளி தீர்க்காது. அதனால் விளையும் பிழையை முன்னரே அளந்து, மின்னணுச் சுற்று ஒவ்வொரு கணமும் கழித்துக்கொண்டே வருகிறது.