ஆலை வளாகத்தில் கணினி வலையை மாற்றப் போகிறீர்களா? கையொப்பம் போடும் முன் கவனிக்க வேண்டியவை

செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் ஆலை வாசலில் வரிசை பிடித்து நிற்கின்றன. எடைப்பாலம் வேலை செய்கிறது. ஆனால் எடை விவரம் அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. "லைன் இல்லை" என்கிறார் கிராணியார். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். லோரி ஓட்டுநருக்கு அடுத்த நடை போகிறது. அறுவடை செய்தவரின் கணக்கும் தள்ளிப் போகிறது.

இதைப் பார்த்ததும் பலரும் இணையச் சேவை நிறுவனத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரங்களில் கோளாறு வெளியே இல்லை, வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கணினி, கேமரா, எடைப்பாலம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் உள்வலையைத்தான் 'லேன்' என்கிறோம். உள்வலை பழையதாக இருந்தால் எவ்வளவு வேகமான இணையத்தை வாங்கினாலும் பயன் இல்லை.

தோட்டமோ தொழிற்சாலையோ, பெரிய வளாகத்தில் இந்த வலையைப் புதுப்பிக்கும்போது எதை எப்படித் திட்டமிட வேண்டும் என்று பார்ப்போம். குத்தகையாளர் கொடுக்கும் கொட்டேஷனில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொள்ளவும் இது உதவும்.

முதலில் வரைபடம், பிறகுதான் விலை

எடுத்துக்காட்டாக ஒரு வளாகத்தை வைத்துக்கொள்வோம். பெரிய அலுவலகம் ஒன்று. அங்கிருந்து ஆலை 600 மீட்டர், எடைப்பாலம் 450 மீட்டர், மருந்தகம் 350 மீட்டர். பட்டறை, உரக் கிடங்கு, தொழிலாளர் குடியிருப்பு ஆகியவை தனி.

குத்தகையாளரை அழைக்கும் முன் வளாகத்தைக் கால்நடையாகச் சுற்றி வர வேண்டும். எந்தக் கட்டடத்தில் எத்தனை கணினி, எத்தனை கேமரா, எத்தனை தொலைபேசி? ஐந்து ஆண்டில் எத்தனை கூடும்? கேபிள் போகும் வழியில் சாலை, வாய்க்கால், மின்கம்பி எங்கே குறுக்கிடுகின்றன? இந்தக் கணக்கு கையில் இல்லாமல் கேட்கும் விலை வெறும் ஊகமாகத்தான் இருக்கும்.

சாதாரணச் செப்புக் கேபிள், அதாவது 'கேட் 6' வகை, 100 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. சுவரில் பதித்த பகுதி 90 மீட்டர், இரு முனைகளிலும் செருகும் சிறு வயர்கள் 10 மீட்டர் என்பதே கணக்கு. நடுவில் ஒரு பெட்டி, அப்புறம் இன்னொரு பெட்டி என்று ஒட்டுப்போட்டு 450 மீட்டர் இழுத்தால், அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்கு மின்சாரம் போனாலும் எடைப்பாலம் நின்றுவிடும்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான்

கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் கேபிளே சரி. 'சிங்கிள் மோட்' வகை ஃபைபரில் சாதாரண ஒளி மாட்யூலைப் பொருத்தினாலே 10 கிலோமீட்டர் வரை தகவல் போகும். இன்று ஒரு கிகாபிட் வேகத்தில் ஓட்டலாம். நாளை மாட்யூலையும் சுவிட்சையும் மட்டும் மாற்றி 10 கிகாபிட்டுக்கு உயர்த்தலாம். கேபிளைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் இடி மின்னல். நம் நாட்டில் பிற்பகல் மழையோடு வரும் மின்னல் யாருக்கும் புதிதல்ல. இரு கட்டடங்களைச் செப்புக் கேபிளால் இணைத்தால், பக்கத்தில் விழும் மின்னலின் தாக்கம் அந்தக் கேபிள் வழியாகவே புகுந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகளை எரித்துவிடும். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாயாது. எலிக்குப் பயந்து இரும்புக் கவசமிட்ட ஃபைபரைப் போட்டால், அந்தக் கவசத்தை முறையாக எர்த் செய்ய வேண்டும். இதைக் கொட்டேஷனில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

பள்ளம் தோண்டும் கூலியே பெரிய செலவு. அதனால் 2 இழை போதும் என்ற இடத்திலும் 12 இழைக் கேபிளைப் புதைப்பது புத்திசாலித்தனம். அலுவலகத்துக்கும் ஆலைக்கும் முடிந்தால் இரண்டு வெவ்வேறு வழிகளில் ஃபைபர் போக வேண்டும். வடிகால் தோண்ட வரும் பேக்ஹோ ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். இரண்டையும் ஒரே பள்ளத்தில் போட்டால் அந்தச் செலவு வீண்.

கேமரா கணக்கும் மின்சாரக் கணக்கும்

ஒரு கண்காணிப்புக் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்தால், 40 கேமராக்களுக்கு 160 மெகாபிட். பழைய 100 மெகாபிட் இணைப்பில் இது அடங்காது. எடைப்பாலத்தின் சின்னஞ்சிறு தகவல்கூட அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும். புதிய இணைப்புக்குக் குறைந்தது ஒரு கிகாபிட் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது கேமராவுக்கும் வை-ஃபை பெட்டிக்கும் தனி மின்கம்பி இழுப்பதில்லை. கேட் 6 கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. இதை 'பி.ஓ.இ.' என்பார்கள். பலரும் ஏமாறும் இடம் இதுதான். 24 துளை சுவிட்ச் என்றால் 24 கருவிகளையும் தாங்கும் என்று நினைக்கிறோம். ஆனால் சந்தையில் உள்ள பல 24 துளை சுவிட்சுகள் மொத்தமாக 370 வாட் வரைதான் தரும். ஒவ்வொரு துளைக்கும் 15.4 வாட் என்றால் கணக்கு சரியாக முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் 30 வாட் கேட்கும் கருவிகளைப் பொருத்தினால் 720 வாட் வேண்டும். அப்போது சில கருவிகள் உயிர்பெறவே பெறாது. துளைகளை மட்டும் எண்ணினால் போதாது, வாட்டையும் கூட்டிப் பாருங்கள்.

சுவிட்ச் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் யு.பி.எஸ். வேண்டும். ஆலையின் தூசியும் வெப்பமும் புகாத, பூட்டுள்ள பெட்டியாக அது இருக்க வேண்டும்.

ஒரே வலையில் எல்லோரையும் விடக் கூடாது

பழைய வலைகளில் சம்பளக் கணினி, கேமரா, விருந்தினரின் கைப்பேசி எல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கைப்பேசியில் நச்சு நிரல் இருந்தால் அது சம்பளக் கணினியின் கதவையும் தட்டும்.

'வி-லேன்' முறையில் அதே கேபிளில் தனித்தனி அறைகள் பிரிக்கலாம். எடைப்பாலத்துக்கும் கணக்குக்கும் ஒன்று, கேமராவுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, குடியிருப்பு வை-ஃபைக்கு ஒன்று. ஆலை இயந்திரங்களை இயக்கும் கருவிகள் கட்டாயம் தனியாக, ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தொழிலாளர்களின் அடையாள அட்டை, கடப்பிதழ் நகல், சம்பள விவரம் எல்லாம் அலுவலகக் கணினியில்தான் உள்ளன. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைக் காப்பது முதலாளியின் பொறுப்பு.

இன்னொன்று. தொங்கிக்கொண்டிருக்கும் வயரை "சும்மாதானே கிடக்கிறது" என்று யாராவது எடுத்து அதே சுவிட்சில் செருகிவிடுவார்கள். இரு முனையும் ஒரே வலையில் சேர்ந்தால் தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வளாகம் முழுவதும் படுத்துவிடும். இதைத் தடுக்கும் 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற வசதி நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில்தான் கிடைக்கும். மலிவுக் கடைச் சுவிட்சுகளில் பெரும்பாலும் இருக்காது.

கொட்டேஷனில் எதைப் பார்ப்பது?

முதலில் கேபிள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய போலி வயர்கள் சந்தையில் உண்டு. சாம்பிள் வாங்கி உள்கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது முழுச் செம்பு அல்ல. கேட் 6 என்று அச்சிட்டிருந்தாலும் ஏற்காதீர்கள். பி.ஓ.இ. மின்சாரம் போகும்போது அந்த வயர் அதிகம் சூடேறும், எளிதில் ஒடியும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கேபிளுக்கும் சோதனை அறிக்கை, இரு முனையிலும் லேபல், இறுதி வரைபடம், எல்லாச் சுவிட்சுகளின் கடவுச்சொல், அமைப்புகளின் நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இவை வந்த பிறகே கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கடவுச்சொல் குத்தகையாளரிடமே இருந்துவிட்டால், சிறு மாற்றத்துக்கும் அவரைத்தான் நாட வேண்டியிருக்கும்.

மாற்றும் நாளையும் யோசித்துக் குறிக்க வேண்டும். ஆலை பராமரிப்புக்காக நிற்கும் நாளே நல்லது. புதிய வலையைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டு, முதலில் மருந்தகம், பிறகு பட்டறை, கடைசியில் எடைப்பாலம் என்று கட்டம் கட்டமாக மாற்றலாம். ஒரு வாரம் சிக்கலின்றி ஓடும்வரை பழைய வயரைக் கழற்றாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டு

இத்தனை வேலையையும் வெளியூர்க் குத்தகையாளரே செய்ய வேண்டும் என்பதில்லை. கேபிள் இழுப்பது, ஃபைபர் ஒட்டுவது, சுவிட்ச் அமைப்பது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய கைத்தொழில்தான். எஸ்.பி.எம். முடித்து என்ன செய்வது என்று நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள், மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வழியாகக் கணினி வலைப் பயிற்சியில் சேரலாம்.

நிர்வாகமும் ஒன்று செய்யலாம். வேலை நடக்கும் நாள்களில் உள்ளூர் இளைஞர் இருவரைக் குத்தகையாளருடன் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அடுத்த மழையில் "லைன் இல்லை" என்ற குரல் கேட்கும்போது, எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த வளாகத்திலேயே இருப்பார்.