தேர் வரும் தெருவில் எவ்வளவு வெளிச்சம்?

செப்டம்பர் 8ஆம் தேதி மாலை பெங்களூரு சிவாஜிநகரில் புனித மரியன்னை பேராலயத்தின் தேர் தெருவுக்கு வரும்போது, கும்பிட்ட கைகளுக்கு நடுவே செல்போன் பிடித்த கைகளும் உயரும். அங்கங்கே பிளாஷ் மின்னும். அந்த மின்னல் எதுவும் தேரில் இருக்கும் மாதாவின் முகத்துக்கு உருப்படியாகப் போய்ச் சேருவதில்லை. முன்னால் நிற்பவரின் பின்மண்டையை வெளுக்கவைத்துவிட்டு அங்கேயே தீர்ந்துபோகிறது. வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்ப்பவர்கள் போனைக் குறை சொல்கிறார்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் இன்னும் விலை கூடியதை வாங்கியிருக்கலாமோ என்று யோசிக்கிறார்கள். கொஞ்சம் பௌதிகம் தெரிந்தால் அந்தச் செலவு மிச்சம்.

திருவிழா, கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று எந்த விசேஷத்தில் படம் எடுத்தாலும் பிரச்சினை ஒன்றுதான்: ஒளி போதாது. ஒளி போதாது என்பதே நமக்குத் தெரிவதில்லை என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

இந்தப் பேராலயம் அர்ச்சிக்கப்பட்டது 1882 செப்டம்பர் 8 அன்று. அப்போது பெங்களூரில் மின்விளக்கு கிடையாது. சிவனசமுத்திரத்தின் நீர்மின்சாரம் நகரத்துத் தெருவிளக்குகளை எரியவைத்தது 1905 ஆகஸ்டில்தான். அதற்கு முந்தைய திருநாள் இரவுகள் மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் நம்பியே நடந்திருக்க வேண்டும். இன்று ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்தே கோயிலைச் சுற்றி சீரியல் விளக்குகள் ஜொலிக்கின்றன. நம் கண்ணுக்கு அது பகல் மாதிரி. ஆனால் அளந்து பார்த்தால் கதை வேறு.

உச்சிவெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். நல்ல விளக்குகள் போட்ட கல்யாண மண்டபத்தில் சில நூறு லக்ஸ். சாதாரணத் தெருவிளக்கின் கீழே 20, 30 லக்ஸ் இருந்தாலே அதிகம். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் முகத்தில் போடுவது ஏறத்தாழ 1 லக்ஸ். அதாவது மதியம் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் இருந்ததைவிட, இரவில் அதே தெருவில் ஒளி மூவாயிரம் மடங்கு குறைவு. இவ்வளவு பெரிய வீழ்ச்சியைக் கண் காட்டிக்கொடுப்பதில்லை. பாவை விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, மிச்சத்தை மூளை சரிக்கட்டிவிடுகிறது. கேமராவின் உணரிக்கு அந்தச் சலுகை இல்லை. விழுந்த ஃபோட்டான்களை அது எண்ணும், அவ்வளவே.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்? மொட்டை மாடியில் வரிசையாகக் குடங்களை வைத்துப் பாருங்கள். தூறலில் ஒரு குடத்தில் பத்துத் துளி விழும், பக்கத்துக் குடத்தில் பதினான்கு, அடுத்ததில் ஏழு. அடைமழையில் எல்லாமே ஒரே அளவுதான் நிறையும். உணரியின் புள்ளிகளும் அப்படித்தான். ஒரு புள்ளிக்குச் சராசரியாக 10,000 ஃபோட்டான் வந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது ஒரு சதவீதம். 100 ஃபோட்டான்தான் வந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. அது பத்து சதவீதம். இரவுப் படங்களில் கன்னத்திலும் வானத்திலும் மணல் தூவினாற்போலத் தெரிவதற்கு இந்த ஏற்ற இறக்கம்தான் முதல் காரணம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இதிலிருந்து தப்ப முடியாது. இது ஒளியின் இயல்பு.

ஆகவே புதிதாகப் படம் எடுக்க வருபவர் கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் கொஞ்சம் ஒளியை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான். வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு.

முதல் வழி நேரம். ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் அதிக ஒளி சேரும். ஆனால் தேரோடு நடக்கும் மனிதர் ஒரு விநாடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறார். 1/12 விநாடி ஷட்டர் திறந்திருந்தால் அவர் எட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகமே கரைந்துபோகும். 1/125 விநாடியில் எட்டு மில்லிமீட்டர்தான் நகர்வார், படம் நிற்கும். நடக்கிறவர்களுக்கு 1/125, ஆடுகிறவர்களுக்கும் ஓடுகிற குழந்தைகளுக்கும் 1/250, நின்று பேசுகிறவர்களுக்கு 1/60 என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். செல்போனின் ‘நைட் மோட்’ செய்வதும் நேரத்தைக் கடன் வாங்குவதுதான். அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி பார்க்கிறது. ஒன்பது படம் அடுக்கினால் மணல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அசையாத கோபுரத்துக்கு இது அருமை. அசைகிற ஜனத்துக்கு ஆகாது, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கைகள் முளைத்துவிடும்.

இரண்டாவது வழி, லென்ஸின் திறப்பு. புதிதாக வாங்கும் கேமராவோடு வரும் 18–55 ஜூம் லென்ஸை நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமாக ஒளியை உள்ளே விடுகிறது. 30 லக்ஸ் தெருவில், வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை 3200இல் வைத்தால், ஜூம் லென்ஸுக்கு 1/12 விநாடி தேவைப்படும் இடத்தில் இந்தச் சின்ன லென்ஸ் 1/125இல் வேலையை முடித்துவிடும். முன் சொன்ன எட்டு சென்டிமீட்டருக்கும் எட்டு மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் இந்த லென்ஸில் இருக்கிறது. பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் கேமராவை மாற்றுவதற்குமுன் இந்த லென்ஸில் செலவழியுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கும் விலை இருக்கிறது. ஏபிஎஸ்-சி அளவு உணரி உள்ள கேமராவில் இந்த லென்ஸை எஃப் 1.8இல் வைத்து இரண்டு மீட்டரில் நிற்பவரைக் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். தனி ஆளுக்கு அது அழகு. இரண்டு வரிசையாகக் குடும்பம் நிற்கிறது என்றால் முன்வரிசைத் தாத்தா தெளிவாக இருப்பார், பின்வரிசைப் பேரன்கள் மங்கிவிடுவார்கள். குழுப் படத்துக்கு எஃப் 5.6 வரையாவது மூடி, நாலடி பின்னால் நகர்ந்து, எல்லோரையும் தோளோடு தோள் நெருங்கி நிற்கச் சொல்ல வேண்டும்.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவது ஒளியைக் கூட்டாது. வந்த சிறு ஒளியைப் பெருக்கிக் காட்டும், கூடவே மணலும் பெருகித் தெரியும். ஆனாலும் கூச்சப்படாமல் 3200, 6400 வரை ஏற்றுங்கள். மணல் தெரிகிற படத்தைக் குடும்பத்தார் சந்தோஷமாக ஆல்பத்தில் வைத்துக்கொள்வார்கள். அசைந்து கரைந்த முகத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

இனி பிளாஷ். தேர் படங்கள் கெடும் இடம் இதுதான். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். இரண்டு மீட்டரில் சரியாக விழும் பிளாஷ், நான்கு மீட்டரில் கால்வாசி. எட்டு மீட்டரில் பதினாறில் ஒன்று. இருபது மீட்டர் தள்ளி வரும் தேருக்குப் போய்ச் சேருவது நூறில் ஒரு பங்கு! அதனால் தேருக்குப் பிளாஷை அணைத்துவிடுங்கள். தேர் தன் விளக்குகளைத் தானே சுமந்துகொண்டு வருகிறது, அது போதும். செப்டம்பரில் பெங்களூருக்கு மழை புதிதல்ல. தூறலில் பிளாஷ் அடித்தால், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் துளிகள்தான் அதிக ஒளி வாங்கி வெள்ளை வெள்ளையாக உப்பித் தெரியும். சாம்பிராணிப் புகையும் அப்படியே.

கையெட்டும் தூரத்து விருந்துகளில் பிளாஷ் நல்ல துணை, நேராக முகத்தில் அடிக்காத வரைக்கும். கேமராவுக்கு மேலே மாட்டும் பிளாஷின் தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால் கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். ஒளிமூலம் பெரிதானால் நிழலின் விளிம்பு மென்மையாகும். மூக்குக்குப் பக்கத்தில் கத்தி மாதிரி விழும் நிழல் காணாமல் போகும். கண் சிவப்பதும் நிற்கும். லென்ஸை ஒட்டியிருக்கும் பிளாஷ் விரிந்த பாவை வழியே உள்ளே போய், கண்ணின் பின்சுவரிலுள்ள ரத்தக் குழாய்களில் பட்டு அதே வழியில் திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு. ஒளி மேலிருந்து வந்தால் அந்தப் பாதை அடைபட்டுவிடுகிறது. சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிய பந்தலில் மட்டும் இந்த உத்தி வேண்டாம். துணியின் நிறம் எல்லோர் முகத்திலும் இறங்கிவிடும்.

சீரியல் விளக்கில் ஒரு பொறி இருக்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன, மலிவான சில எல்இடி சரங்கள் 50 முறை. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் செல்போன்களும் பெரும்பாலான புதிய கேமராக்களும் உணரியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. 1/1000 விநாடி போன்ற வேகத்தில் எடுத்தால் சில வரிகள் விளக்கு எரியும்போதும் சில வரிகள் அணையும்போதும் பதிந்து, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவந்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தி வருபவர்கள் இந்தத் திருநாளில் உண்டு. அந்தக் காவி படத்தில் சில நேரம் வெளிறிப்போய்விடுகிறது. மெழுகுவர்த்தி ஒளியின் நிறவெப்பம் ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700, பகல் 5500, வெள்ளை எல்இடி 6500. தானியங்கி முறையில் இருக்கும் கேமரா, சட்டம் முழுக்கக் காவியைக் கண்டதும் அதை மஞ்சள் விளக்கின் வேலை என்று நினைத்து நீலத்தை ஏற்றிவிடும். வெள்ளைச் சமநிலையை நீங்களே ஓர் எண்ணில் நிறுத்திவையுங்கள். கேமராவில் ‘ரா’ கோப்பாகப் பதிந்தால் பிறகும் திருத்தலாம். ஆனால் ஒரு கன்னத்தில் மெழுகுவர்த்தியும் மறு கன்னத்தில் எல்இடியும் விழுந்தால் எந்தத் திருத்தமும் முழுசாக உதவாது. ஓரடி நகர்ந்து ஒரே விளக்கின் பக்கம் நிற்பதுதான் வழி.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தோலின் நிறம். கேமராவின் ஒளிமானி, பார்க்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம், சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவது, என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சேலை உடுத்திய கிறிஸ்தவ மணப்பெண்ணைச் சட்டம் நிறைய எடுத்தால் சேலையைச் சாம்பலாக்கி, முகத்தையும் சேர்த்து இருட்டடித்துவிடும். கறுப்பு புர்கா அணிந்த பெண்கள் சூழ நிற்கும் நிக்காஹ் வீட்டில் இதற்கு நேர்மாறாக முகங்களை வெளுக்கவைக்கும். முன்னதில் ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 ஏற்றுங்கள், பின்னதில் −1 இறக்குங்கள். செல்போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தை நகர்த்தினால் அதே வேலை நடக்கும்.

ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ நிறச் சோதனை அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. வண்ணம் சரியா என்பதற்கு அந்தத் தோலே அளவுகோல். பல நிற முகங்கள் கொண்ட அட்டை பரவலானது 1990களில்தான். கூகுள் தன் பிக்சல் 6 போனில் ‘ரியல் டோன்’ என்று கறுத்த தோலுக்கான திருத்தங்களை அறிவித்தது 2021இல். போட்டோவில் கறுப்பாக விழுந்துவிட்டேன் என்று கூசிய நம் அம்மாக்களும் அத்தைகளும் எத்தனை பேர்! அந்தக் கூச்சத்துக்கு அவர்கள் எந்த வகையிலும் பொறுப்பில்லை. கருவி அவர்களை நினைத்து அளவெடுக்கப்படவில்லை. ஆகவே கறுத்த முகத்தை எடுக்கும்போது பின்னணி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று முகத்துக்கே அளவு வையுங்கள். வெளுப்பிக்கும் ‘பியூட்டி’ வசதியை அணைத்துவிடுங்கள். அவர்கள் நிறம் அவர்கள் நிறமாகவே வரட்டும்.

சிவாஜிநகர் இரவில் படம் எடுக்க நல்ல இடம் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். துணிக்கடை, பழக்கடை முகப்புகளின் வெளிச்சம் அகலமானது, மென்மையானது. அது உங்கள் தோளைத் தாண்டிப்போய் தெருவில் நடப்பவர்கள் முகத்தில் விழும். ரமலான் இரவுகளில் கடைத்தெருவில் எடுக்கவும் இதே நிலைதான் வசதி. வெளிச்சத்தின் பக்கம் முகம் திரும்பும்வரை காத்திருக்கிற பொறுமையை எந்த லென்ஸும் தராது.

பூசை நடக்கும்போது பிளாஷ் கூடாது. நேர்த்திக்கடனுக்கு முழங்காலிட்டு அழுதுகொண்டிருப்பவரின் முகத்தருகே கேமராவை நீட்டக் கூடாது. குழந்தையை எடுத்தால் பெற்றோரிடம் கேளுங்கள், வேண்டாம் என்று தலையசைத்தால் எடுத்ததை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். கூட்டத்தில் நாம் விருந்தாளிகள்.

அடுத்த திருநாளுக்குப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் செப்டம்பர் 8 வரை காத்திருக்க வேண்டாம். கொடியேற்றத்துக்கும் தேருக்கும் நடுவில் நவநாள் மாலைகள் இருக்கின்றன. அந்த நாட்களில் போய் எந்தக் கடையின் வெளிச்சம் எங்கே விழுகிறது, எந்த விளக்கு துடிக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிளாஷை அணைத்து 1/125இல் பழகுங்கள். தேர் வரும் மாலையில் கேமராவோடு போராட வேண்டியிருக்காது.