பெருந்தொற்றும் கண்புரை அறுவைச் சிகிச்சையும்

நமது நாட்டில் முதியோரின் பார்வையைப் பறிக்கும் நோய்களுள் முதலிடம் பெறுவது கண்புரையாகும். 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரிடையே காணப்படும் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே காரணம். எனினும் இது மீட்கக்கூடிய பார்வையிழப்பு. மங்கிய விழிலென்சை அகற்றிச் செயற்கை லென்சைப் பொருத்தினால், பெரும்பாலோர் சில நாட்களிலேயே தெளிவாகப் பார்க்க இயலும். எனவேதான், 1976ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கண்புரை அறுவைச் சிகிச்சை முதன்மையான பணியாக இருந்து வருகிறது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் நாடெங்கும் ஆண்டுதோறும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சை பெற்றனர்.

பணி தடைப்பட்ட விதம்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. விபத்துக் காயம் போன்ற அவசர நிலைகளுக்கு மட்டுமே கண் சிகிச்சை அளிக்கப்பட்டது. கண்புரை, ஒத்திவைக்கத்தக்க சிகிச்சைகளின் பட்டியலில் இடம்பெற்றது.

கிராம மக்களைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் ஆழமானது. கண் பரிசோதனை முகாம்களில் நோயாளிகளைக் கண்டறிந்து, பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சிகிச்சைக்குப் பின் ஊருக்குத் திருப்பி அனுப்புவதே வழக்கம். முகாமும் பேருந்தும் நின்றபோது இச்சங்கிலியின் முதற்கண்ணியே அறுபட்டது. 65 வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர். கண்புரை நோயாளிகளுள் பெரும்பாலோர் முதியோர் என்பது இங்குக் கருதத்தக்கது.

முடக்கம் தளர்ந்த பின்னரும் பணி உடனே சீரடையவில்லை. தொற்றுப் பரிசோதனை, காப்பு உடை, சமூக இடைவெளி ஆகியவற்றால் ஓர் அறுவை அரங்கில் ஒரு நாளில் சிகிச்சை பெறுவோர் தொகை குறைந்தது. 2021இல் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவவே, கண் மருத்துவர்கள் பலர் அதற்குச் சிகிச்சை அளிப்பதில் ஈடுபட நேர்ந்தது.

தாமதத்தின் விளைவு

கண்புரை சிகிச்சை ஒத்திவைக்கத்தக்கது என்பதற்கு, எவ்வளவு காலமும் காத்திருக்கலாம் என்பது பொருளன்று. புரை முற்றும்போது லென்ஸ் கடினமாகிறது. அறுவையின்போது லென்ஸ் உறை கிழிதல், கருவிழி வீங்குதல் போன்ற சிக்கல்கள் நேரக்கூடிய வாய்ப்பு மிகுகிறது. சிலருக்கு, வீங்கிய லென்ஸ் கண்ணின் நீர் வடியும் வழியை அடைத்துவிடுகிறது. வேறு சிலருக்கு, லென்சிலிருந்து கசியும் புரதம் அவ்வழியை அடைக்கிறது. இதனால் கண்ணழுத்தம் திடீரென உயர்ந்து, கடும் வலியும் சிவப்பும் தோன்றும். உடனடியாகச் சிகிச்சை பெறாவிடில் பார்வை நரம்பு சேதமுறும். அதன் பின்னர்ப் புரையை அகற்றினாலும் இழந்த பார்வை திரும்பாது. மீட்கக்கூடிய பார்வையிழப்பு நிரந்தரமாக மாறும் இடம் இதுவே.

முடக்கத்துக்குப் பின் மருத்துவமனைகளுக்கு வந்தோரிடையே முற்றிய புரையும், அதனால் விளையும் கண்ணழுத்தமும் முன்னிலும் கூடுதலாகக் காணப்பட்டன. இவை தவிர, பார்வை மங்கிய நிலையில் தவறி விழுந்து எலும்பு முறிதல், பிறரைச் சார்ந்து வாழ நேருதல், வருவாய் இழத்தல் ஆகிய இன்னல்கள் மருத்துவமனைக் கணக்கில் சேராதவை.

நிலுவையை ஈடு செய்தல்

தேங்கிய பணியை முடிக்க, மத்திய அரசு 2022இல் ராஷ்டிரீய நேத்ர ஜோதி அபியான் என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 270 லட்சம் அறுவைச் சிகிச்சைகள் என்பது அதன் இலக்கு. முதல் ஆண்டான 2022-23இல் 75 லட்சம் என்னும் குறியீடு கடக்கப்பட்டது.

எண்ணிக்கையை இவ்வாறு ஈடு செய்யலாம். சேதமுற்ற நரம்பை ஈடு செய்ய இயலாது. ஆகவே இலக்கை எட்டுவதோடு, யாருக்கு முதலில் சிகிச்சை என்பதும் முக்கியமாகிறது. இரு கண்களிலும் பார்வை இழந்தோர், முற்றிய புரை உடையோர், ஒரே கண்ணை நம்பி வாழ்வோர் ஆகியோருக்கு முன்னுரிமை வேண்டும். துணைக்கு ஆளில்லாத மூதாட்டிகளும் தொலைதூரக் கிராமத்தினரும் வரிசையின் கடைசியில் தள்ளப்படலாகாது. கிராமச் சுகாதாரப் பணியாளரிடம் காத்திருப்போர் பட்டியல் இருக்குமானால், அடுத்த நெருக்கடியிலும் கண்வலியுடன் துடிப்பவரை உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்ப இயலும். ஒத்திவைக்கப்பட்ட சிகிச்சை மறக்கப்பட்ட சிகிச்சையாகிவிடாமல் காப்பதே இப்பெருந்தொற்று நிர்வாகத்துக்குக் கற்பித்த பாடமாகும்.