தேயும் குன்றின்மேல் ஒரு நகர்

பகைவர் படையால் அழிந்த நகரங்களின் கதைகளைச் சரித்திர நூல்களிற் பலவாகப் படித்திருக்கிறோம். பகைவர் எவருமின்றித் தான் நிற்கும் நிலத்தாலேயே சிறுகச் சிறுக அழிந்துவரும் நகரொன்று இத்தாலி நாட்டில் உண்டு. சிவிற்றா டி பாஞ்ஞொரேஜோ என்பது அதன் பெயர். உரோமாபுரிக்கு வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவில், பொல்சேனா ஏரிக்கும் தைபர் நதிக்கும் இடைப்பட்ட நாட்டில், செங்குத்தான குன்றொன்றின் உச்சியில் அஃது அமைந்துள்ளது.

அக்குன்றின் அமைப்பை அறிந்தாலன்றி அந்நகரின் சரித்திரம் விளங்காது. அடியில் இருப்பது, பண்டொருகாற் கடலின் தரையாய்க் கிடந்த களிமண். அதன்மேல் எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து, இறுகிப் பாறையாயிற்று. பாறை வன்மையுடையது, அதைத் தாங்கும் களியோ மழைநீரிற் கரைவது. போதாக்குறைக்குக் குன்றின் இருபுறத்தும் ஓடும் சிற்றாறுகள் இரண்டும் அடிவாரத்தை அரிக்கின்றன. தெளிந்த ஆறு, கலங்கிய ஆறு எனப் பொருள்படும் பெயர்கள் அவற்றுக்கு! களி சரியவே, பிடிமானம் இழந்த பாறை நெடுக்காகப் பிளந்து பாளம் பாளமாக வீழ்கின்றது. மண்ணரிப்பு என்று பூமிசாத்திர வகுப்பில் நாம் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடும் செயல் இதுவே.

இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் எற்றூஸ்கர் என்னும் பழங்குடியினர் இங்கே குடியேறினர். மத்திய காலத்தில் இது மேற்றிராணியார் வீற்றிருந்த சிறப்புடைய ஊர். 1274 இற் காலமான ஞானியாகிய புனித பொனவெந்தூரா பிறந்ததும் இவ்வூரிலேதான். அவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு பள்ளத்தில் வீழ்ந்து நெடுங்காலமாயிற்று. 1695 இல் நேர்ந்த பூமியதிர்ச்சியின் பின் மேற்றிராணியாரும் குடிகளிற் பெரும்பாலாரும் அயலிலுள்ள இன்றைய பாஞ்ஞொரேஜோவுக்குப் பெயர்ந்தனர். இரு ஊர்களையும் இணைத்த நிலமும் தேய்ந்து போனமையால், 1965 இல் ஏறக்குறைய 300 மீற்றர் நீளமான நடைபாலம் ஒன்று கட்டப்பட்டது. கார்கள் அதன்மேற் செல்லா.

பாஞ்ஞொரேஜோவில் 1896 இற் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி இதனைச் 'சாகும் நகரம்' என்றார். அந்தப் பெயரே இன்று நகருக்குச் சோறிடுகின்றது என்பது வேடிக்கை. நிலையாக வாழ்வோர் ஏறக்குறைய ஒரு டசின் பேர். பார்க்க வருவோரோ ஆண்டுதோறும் பல இலட்சம். 2013 முதல் அவர்களிடம் நுழைவுக் கட்டணம் பெறுகின்றனர். பாறையை உருக்குக் கம்பிகளால் இறுக்கிப் பிணிக்கும் வேலையும் நடைபெற்றுள்ளது. ஆயினும் களியைக் கட்டிவைக்கக் கம்பிக்கு இயலுமோ என்ற ஐயம் எமக்கு நீங்கவில்லை.

நகரினுள்ளே மண்சரிவுகளுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கின்றது. நகர வாயிலுக்கு அணித்தாகப் பழைய மாளிகை ஒன்றின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கின்றது. அதன் சாளரங்களூடே நோக்கினால் வீடில்லை, வானமே தெரிகின்றது.