கறவைக் கணக்கும் சங்க வாழ்வும்

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் கூடியவர்கள் வேடிக்கை பார்த்து நின்றால் தேர் நிலையை விட்டு அசையாது. ஒவ்வொருவரும் வடம் பிடித்தல் வேண்டும். சங்கங்களின் நிலையும் இதுவே. பெயர்ப் பலகையும் ஆண்டுக் கூட்டமும் உடைய சங்கங்கள் எங்கும் உள. அங்கத்தினரின் தொழுவத்தில் மாறுதலை உண்டாக்கிய சங்கங்கள் சிலவே. அத்தகைய சங்கம் ஒன்றையும், அதனோடு தோள் சேர்ந்து உழைத்த ஓர் இதழையும், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தையும் பற்றி ஈண்டுக் கூற விரும்புகிறோம். அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் நிகழ்ந்த வரலாறு இது.

கோதுமை கைவிட்ட நிலம்

1860-ஆம் ஆண்டளவில் விஸ்கான்சின், கோதுமை விளைச்சலில் அந்நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆண்டுதோறும் அதே நிலத்தில் அதே பயிரை இட்டு வந்ததால் மண்ணின் சத்துக் குன்றிற்று. பூச்சியும் நோயும் பெருகின. மேற்கே புதிதாகத் திருத்தப்பட்ட நிலங்களின் விளைச்சலோடு போட்டியிடவும் இயலவில்லை. குடியானவர் பலர் ஊரை விட்டே வெளியேறினர்.

அந்நாளில் ஹோர்டு என்பவர் அங்கே ஒரு சிறு உள்ளூர்ப் பத்திரிகை நடத்தி வந்தார். பசு வளர்த்தால் எரு கிடைக்கும், எருவினால் மண் தேறும், பாலினால் வருவாய் நிலைக்கும் என்பது அவர் இடைவிடாது எழுதி வந்த கருத்து. எழுத்து மட்டும் போதாது என்று உணர்ந்த அவர், பால் பண்ணையாளர் சிலருடன் கூடி 1872-இல் விஸ்கான்சின் பால் பண்ணையாளர் சங்கத்தை அமைத்தார்.

சங்கம் முதலில் கவனித்தது சந்தையை. பாலாடைக்கட்டி செய்தால் மட்டும் போதுமா? தொலைவிலுள்ள பெருநகரங்களுக்குக் கெடாமல் சென்று சேர வேண்டுமே! 1874-இல் ஹோர்டு சரக்கு ரயில் நிறுவனத்தாருடன் பேசி, குளிரூட்டிய வண்டிகளில் நியூயார்க்கிற்கு ராத்தலுக்கு ஒரு சென்ட் கூலியில் அனுப்ப வழி செய்தார். தனி ஒரு குடியானவர் கேட்டிருந்தால் அந்நிறுவனத்தார் செவி சாய்த்திருப்பார்களா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1885-இல் அவர் பால் பண்ணைத் தொழிலுக்கென்றே ‘ஹோர்ட்ஸ் டெய்ரிமேன்’ என்னும் இதழைத் தொடங்கினார். குதிரைமசால் பயிரிடுவதையும், பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்துவதையும், பால் மாட்டைப் பாலுக்கென்றே தேர்ந்து வளர்ப்பதையும் அவ்விதழ் ஓயாது எடுத்துரைத்தது. அது இன்றும் வெளிவருகிறது.

ஒரு குப்பியின் நீதி

இவ்வளவு இருந்தும் ஒரு குறை நீங்கவில்லை. பாலுக்கு எடையைக் கொண்டே விலை கொடுத்தனர். 10 கிலோ பாலில் 5 சதவீதம் கொழுப்பு இருந்தால் 500 கிராம் கொழுப்பு கிடைக்கும். 3 சதவீதமானால் 300 கிராம்தான் கிடைக்கும். ஆயினும் இருவருக்கும் விலை ஒன்றே. பாலில் நீர் கலந்தவனுக்கு ஆதாயம். நல்ல மாடு வளர்த்தவனுக்கு நட்டம். நேர்மை தண்டிக்கப்படும் இடத்தில் சங்கம் எவ்வாறு நிலைக்கும்?

விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் பாப்காக் என்னும் இரசாயன அறிஞர் 1890-இல் இதற்குப் பரிகாரம் கண்டார். அளவிட்ட பாலில் கந்தக அமிலத்தைச் சேர்த்துக் குப்பியை வேகமாகச் சுழற்றினால், கொழுப்புப் பிரிந்து குப்பியின் கழுத்தில் வந்து நிற்கும். அங்குள்ள அளவுக் கோடுகளைப் பார்த்தே சதவீதத்தைக் கூறிவிடலாம். இம்முறைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அனைவருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட கெர்பர் சோதனையும் ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் உருவான உடன்பிறப்பே ஆகும்.

மாட்டை அளந்த சங்கம்

சோதனை முறை கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு குடியானவரும் தம் வீட்டில் அமிலத்தை வைத்துச் சோதிப்பது எளிதன்று. இதற்கு வழி காட்டியவர்கள் டென்மார்க் நாட்டுக் குடியானவர்கள். 1895-இல் வேயன் என்னும் ஊரினர் ஒரு சங்கம் அமைத்து, தம் செலவில் ஓர் உதவியாளரை நியமித்தனர். அவர் முறை வைத்துப் பண்ணை பண்ணையாகச் சென்று ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுத்து, கொழுப்பைச் சோதித்து, தின்ற தீவனத்தையும் கணக்கில் எழுதினார். டென்மார்க்கில் பிறந்த ஹெல்மர் ராபில்ட் என்பவர் 1905-இல் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய சங்கத்தை அமைத்தார். அமெரிக்காவில் அதுவே முதலாவது.

பின்னர் தொழில் அறிந்தவர்களும் தமக்குள் ஒன்று கூடினர். அமெரிக்காவில் பால் அறிவியலார் 1906-லும், கால்நடைத் தீவன ஆராய்ச்சியாளர் 1908-லும், வேளாண் இதழாசிரியர்கள் 1921-லும் தத்தம் சங்கங்களை நிறுவினர். ஆராய்ந்தவர், எழுதியவர், உழைத்தவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் நாடியதே அத்தொழிலின் வளர்ச்சிக்கு வேராயிற்று.

நாம் செய்யத்தக்கது

நம் கிராமங்களில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. அங்கே பாலைச் சோதிக்கிறோம், மாட்டைச் சோதிக்கிறோமா? கன்று ஈன்றதும் குடம் நிறையக் கறக்கும் பசுவே உயர்ந்ததென்று எண்ணுவது வழக்கம். நாளொன்றுக்குச் சராசரி 8 லிட்டர் கறக்கும் பசு 150 நாளில் வற்றிவிட்டால் மொத்தம் 1,200 லிட்டர். 6 லிட்டரே கறக்கும் மற்றொன்று 270 நாள் கறந்தால் 1,620 லிட்டர். கண் ஏமாறும், கணக்கு ஏமாறாது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் காலை, மாலை இரு வேளைக் கறவையையும் அளந்து எழுதுக. அதனை அம்மாதத்தின் நாட்களால் பெருக்கினால் மாதப் பால் ஏறத்தாழத் தெரியும். அதன் பக்கத்திலேயே தீவனச் செலவு, கன்று ஈன்ற நாள், சினை ஊசி போட்ட நாள் ஆகியவற்றையும் குறித்து வருக. ஓராண்டில் எந்த மாடு வீட்டுக்குச் சோறு போடுகிறது, எந்த மாடு வீட்டுச் சோற்றைத் தின்கிறது என்பது விளங்கும். எந்தத் தாயின் கன்றை வளர்ப்பது என்பதற்கும் அந்த ஏடே சான்றாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் முன்னிற்றல் வேண்டும். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு பத்து வீடுகளில் தொடங்கலாம். கால்நடை மருத்துவரை அழைத்து, அந்தக் கணக்கை அவர் முன் வைத்து யோசனை கேட்கலாம். முதலில் தம் தொழுவத்து மாட்டை அளந்து காட்டும் உறுப்பினரின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு மிகும். குறைந்த கணக்கு யாருக்கும் இழிவன்று. தீவனத்திலோ நோயிலோ உள்ள குறையை அது முன்னரே கூறிவிடும்.

சங்கத்தின் வலிமை அங்கத்தினரின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. தம் குறையைத் தாமே அளந்து, பலர் அறியக் கூறி, சேர்ந்து திருத்திக்கொள்ளும் துணிவில் உள்ளது. அந்தத் துணிவுக்கு நம் கிராமங்களில் பஞ்சமில்லை என்பதே நமது நம்பிக்கை.