வானில் பறந்தவர் வரைந்த படங்கள்



பட்டர்வொர்த்தில் பெரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வருகிறவர்கள் சில நாட்களில் ஒரு காட்சியைக் காண்பார்கள். திடீரென்று வானத்தில் பேரிரைச்சல் எழும். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மேகத்துக்குள் நுழைந்து மறையும். அப்பாவின் தோளில் இருக்கும் குழந்தை, "அங்கேயிருந்து பார்த்தா நாம தெரிவோமாப்பா?" என்று கேட்கும்.

நல்ல கேள்வி. அந்தத் தளம் 1941 அக்டோபரில் பிரிட்டிஷாரால் திறக்கப்பட்டது. 1958இல் ஆஸ்திரேலிய விமானப் படையின் பொறுப்புக்கு வந்தது. 1988இல் மலேசிய விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே செபராங் பிறைப் பகுதியில் பால்மரத்திலும் செம்பனையிலும் பாடுபட்ட நம் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கீழேயிருந்து மேலே பார்த்துப் பழகியவர்கள் நாம். மேலேயிருந்து கீழே பார்த்தவர் என்ன கண்டார்? அதைப் படமாகவே வரைந்து காட்டிய ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் பெயர் சிட்னி கார்லைன். பெயரைக் கேட்டு ஆஸ்திரேலிய நகரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் இங்கிலாந்துக்காரர். 1888ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை ஓவியர். தங்கை ஹில்டா, தம்பி ரிச்சர்ட் இருவருமே ஓவியர்கள். இவர்களுடைய தாயார் அன்னியின் கதை இன்னும் வியப்பானது. பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஆளான பிறகு, அறுபது வயதைத் தாண்டித் தூரிகை எடுத்தவர் அவர். கற்றுக்கொள்ள வயது தடையில்லை என்பதற்கு அந்த அம்மாளும் ஒரு சான்று.

லண்டனில் புகழ்பெற்ற ஸ்லேடு ஓவியப் பள்ளியில் சிட்னி பயின்றார். ஓவியமே தொழில் என்று இருந்தவரின் வாழ்வில் 1914இல் மூண்ட முதல் உலகப் போர் குறுக்கிட்டது. அவர் விமானியானார். 1918இல் இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியில் 'சாப்வித் கேமல்' என்ற போர் விமானத்தை ஓட்டினார்.

அந்தக் கால விமானம் எப்படிப்பட்டது என்று சற்றுத் தெரிந்துகொள்வோம். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டிச் செய்தது அது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். ஒரே ஒரு இருக்கை, அதற்குக் கூரையும் கிடையாது. இயந்திரத்துக்கு மசகாக ஊற்றியது விளக்கெண்ணெய். ஆம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு சுத்தமாகக் கொடுத்தோமே, அதே விளக்கெண்ணெய்தான். பறக்கும்போது அதன் புகையும் துளிகளும் விமானியின் முகத்தில் அடிக்கும். அந்த விமானம் கையாளக் கடினமானது. பழகும்போதே உயிரிழந்த இளைஞர்கள் பலர். குதித்துத் தப்பிக்கப் பாராசூட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

இப்படிப்பட்ட இருக்கையில் அமர்ந்து போரிட்டவரிடம் ஓவியரின் கண்ணும் இருந்தது. போரின் நினைவுகளைச் சேர்த்து வைப்பதற்காக லண்டனில் 1917ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டிருந்தது. வான் போரை வரைந்து தரும் வேலையை அது கார்லைனிடம் ஒப்படைத்தது.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். நாம் ஒரு படம் வரைந்தால் நிலத்தைக் கீழே போடுகிறோம், வானத்தை மேலே போடுகிறோம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நேர்க்கோடு. பக்கத்திலுள்ள மரம் பெரிதாக இருக்கும், தூரத்து மலை சிறிதாக இருக்கும். நிலத்தில் நிற்பவனின் கணக்கு இது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது அந்த நேர்க்கோடே சாய்ந்துவிடுகிறது. மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. காலுக்கு அடியில் பள்ளத்தாக்கு வாய் திறக்கிறது. தரையில் நின்று கற்பனை செய்தவருக்கு இது எளிதில் கைவராது. கார்லைன் உடம்பாலேயே அதை உணர்ந்தவர். 1918இல் பிரெந்தா பள்ளத்தாக்கில் ஆஸ்திரிய விமானம் ஒன்று வீழ்த்தப்பட்டதை அவர் வரைந்தார். ஓங்கிய மலைகளுக்கு நடுவே விமானங்கள் சின்னஞ்சிறியவையாகத் தெரிகின்றன. மனிதன் மனிதனைக் கொல்லப் பறக்கிறான், மலையோ அசையாமல் நிற்கிறது. பார்ப்பவர் மனத்தில் தைப்பது அதுதான்.

அதே 1918ஆம் ஆண்டு, அதே படையில், கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் என்ற இளைஞரும் பறந்தார். அவரும் வரைபவர். விமான விபத்தில் காயம்பட்டுத் தேறிவந்த நாட்களில் விமானங்களையே படம் படமாக வரைந்து தள்ளினார். மீண்டும் போர்முனைக்குச் சென்று, இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் பெற்றார். ஜூலை 22ஆம் நாள் பிரான்சு நாட்டின் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 19. அந்தக் கை இன்னும் என்னென்ன வரைந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்?

கார்லைன் பிழைத்தார். போர் முடிந்ததும், 1919இல், அவரையும் தம்பி ரிச்சர்ட்டையும் அருங்காட்சியகம் மத்திய கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. எகிப்து, பாலஸ்தீனம், சிரியா, மெசொப்பொத்தேமியா என்று சகோதரர்கள் சுற்றினார்கள். திறந்த இருக்கையில் காற்று அறைய, பறந்துகொண்டே விரைவாகக் கோட்டோவியங்கள் தீட்டினார்கள். ஊர் திரும்பிய பிறகு அவற்றை வைத்துப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் செய்தார்கள். ரிச்சர்ட் வரைந்த ஒரு படம் தமாஸ்கஸ் நகரைப் பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து காட்டுகிறது. கொடிமலை உச்சியில் நின்று ஜார்ஜ் டவுனைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலையைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேலான உயரம் அது!

அந்தப் பயணத்தில் சிட்னி கண்ட ஓர் இடம் பாலஸ்தீனத்திலுள்ள வாடி ஃபாரா என்ற மலை இடுக்கு. 1918 செப்டம்பர் 21ஆம் நாள் துருக்கியப் படை ஒன்று அந்தக் குறுகிய பாதை வழியே பின்வாங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானங்கள் மணிக்கணக்காகக் குண்டு வீசின. முன்னே சென்ற வண்டிகள் நொறுங்கிப் பாதையை அடைத்துக்கொண்டன. பின்னே வந்தவர்கள் முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. இதைக் கார்லைன் 1920இல் ஓவியமாக்கினார். அகன்ற மலை, ஆழ்ந்த பள்ளம், நடுவே மெல்லிய கோடுபோல் ஒரு பாதை. அந்தக் கோட்டில்தான் வண்டிகளும் மனிதர்களும்.

நேயர்களே, குழந்தை கேட்ட கேள்விக்கு விடை இந்தப் படத்தில் இருக்கிறது. அங்கேயிருந்து பார்த்தால் நாம் தெரிவோமா? தெரிவோம், ஆனால் புள்ளியாகத் தெரிவோம். முகம் தெரியாது. ஓடுவது தெரியலாம், அலறுவது கேட்காது. ஓவியர் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைக் கண்டபடி வரைந்தார். மேலேயிருந்து கிடைக்கும் உண்மை அவ்வளவுதான்.

மற்றப் பாதியை அறிந்தவர்கள் நம் பெரியவர்கள். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனுக்கு மேலே வந்தன. அதற்குமுன் இந்த ஊர் குண்டு வீச்சைக் கண்டதில்லை. மக்கள் ஒளிந்துகொள்ளாமல் வீதிக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். குண்டுகள் அவர்கள் மேலேயே விழுந்தன. ஏராளமானோர் மாண்டார்கள். அந்த விமானிகளின் கண்ணுக்கும் அவர்கள் புள்ளிகளாகத்தான் தெரிந்திருப்பார்கள். கீழே நின்றவர்களுக்கோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒருவர் அண்ணன், ஒருவர் பெற்ற தாய், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர்.

கார்லைனின் வாழ்க்கை நீளவில்லை. 1922இல் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் ஓவியப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். 1929இல் நிமோனியாக் காய்ச்சலில், 40 வயதிலேயே காலமானார். தம்பி ரிச்சர்ட் 1980 வரை வாழ்ந்தார். பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கப்பட்ட வரலாற்றை 1968இல் ஒரு நூலாகவே எழுதினார். வானத்தில் படம் வரைந்தவர், பிள்ளைகள் வகுப்பறையில் வரையும் படங்களைப் பற்றியும் அக்கறையோடு சிந்தித்தார்.

நாமும் அந்த அக்கறைக்கு வருவோம். பிள்ளை கரித்துண்டு எடுத்துச் சுவரில் கிறுக்கினால், "படம் போட்டா சோறு வருமா?" என்று அதட்டுகிறோம். சோற்றுக் கவலை நியாயமானதுதான், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கார்லைனை நினைத்துப் பாருங்கள். அவர் வரைந்தது தாம் செய்த வேலையை, தாம் அமர்ந்த இருக்கையிலிருந்து கண்ட காட்சியை. அதனால்தான் அந்தப் படங்களுக்கு மதிப்பு. இருட்டு விலகுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனது, பட்டையைச் சாய்வாகச் சீவியதும் பால் கசிந்து இறங்கியது, லயத்து வாசலில் பாட்டி அமர்ந்திருந்தது, விமானச் சத்தம் கேட்டதும் அவள் முகம் மாறியது — இவற்றையெல்லாம் பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து யாரும் வரைய முடியாது. தோட்டத்திலே பிறந்த கைதான் வரைய வேண்டும். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்ட குடும்பங்களில் அந்த நினைவு இன்னும் ஒரு தலைமுறைக்குத்தான் இருக்கும்.

ஆகவே இன்றிரவு ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துப் பிள்ளையிடம் கொடுப்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லட்டும். மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு நம் முகம் தெரியாமல் போகலாம். நம் பிள்ளைகளுக்காவது அது தெரியட்டும்.